வழுக்கைக்கு நாளைய மருத்துவம்: காத்திருக்கத் தக்கவை எவை, தகாதவை எவை

முப்பது வயதைத் தொடுமுன்பே நெற்றி ஏறத் தொடங்கிவிட்ட ஒருவர் முன்னால் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் மாத்திரையையும் தைலத்தையும் இப்போதே தொடங்கலாம். பிடரியிலிருந்து முடியை எடுத்து முன்னால் நட்டுக்கொள்ளலாம். அல்லது ஆய்வகங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கும் நற்செய்திகளை நம்பிச் சில ஆண்டுகள் பொறுத்திருக்கலாம். மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். எதையும் செய்யாமல் இருப்பதற்கு அறிவியல் ஒரு கண்ணியமான காரணத்தைக் கொடுத்துவிடுகிறது என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே, சோதனை நிலையில் உள்ள சிகிச்சைகளில் எதற்காகக் காத்திருப்பதில் பொருள் உண்டு, எதற்காகக் காத்திருப்பது வீண் என்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. பேசப்போவது பெரும்பாலும் பரம்பரை வழுக்கையைப் பற்றி. புழுவெட்டு வேறு நோய், அதற்குப் பின்னால் வருகிறேன்.

வழுக்கைக்குத் தவறாமல் பலிக்கும் தீவிர சிகிச்சை ஒன்று மிகப் பழங்காலத்திலிருந்தே மனிதர்களுக்குத் தெரியும். எவரும் அதை விரும்பிக் கேட்டதில்லை. விதையகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைக் கிரேக்க மருத்துவ நூல்களே குறிப்பிடுகின்றன. அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் இதை முறையாக ஆராய்ந்து வெளியிட்டார். பருவமடையும் முன் விதைகளை இழந்தவர்களுக்கு முடி கொட்டவில்லை. அவர்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் செலுத்தியபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு முடி கொட்டத் தொடங்கியது. நிறுத்தியபோது கொட்டுவது நின்றது. ஆனால் போன முடி திரும்பி வரவில்லை. ஹார்மோனைத் தடுப்பது இழப்பை நிறுத்தும், இழந்ததை முழுமையாக மீட்காது என்ற அந்தக் கண்டறிவு, எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்துகொண்டிருக்கும் புதிய மருந்துகள் பலவற்றுக்கும் அப்படியே பொருந்துகிறது.

தலையில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். தலைமுடி ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டிலிருந்து ஆறு ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்து, உதிர்ந்து, அதே மயிர்க்காலிலிருந்து மீண்டும் முளைக்கிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. என்ற ஹார்மோன், மரபுவழியில் அதற்கு இளகிக்கொடுக்கும் மயிர்க்கால்களில் இந்த வளர்ச்சிக் காலத்தைச் சுற்றுக்குச் சுற்று குறுக்குகிறது. தடித்த கருமுடி மெலிந்து, நிறம் வெளுத்து, கடைசியில் கன்னத்துப் பூனைமுடி போல ஆகிறது. ஆக, வழுக்கை என்பது பெரும்பாலும் முடி காணாமல் போவதல்ல, சிறுத்துப்போவது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லூயிஸ் கார்சாவும் ஜார்ஜ் காட்சரெலிஸும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மனிதரின் வழுக்கைப் பகுதியிலும் முடியுள்ள பகுதியிலும் மயிர்க்கால் ஸ்டெம் செல்களின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அவற்றிலிருந்து பிறந்து முடியை உருவாக்க வேண்டிய அடுத்த தலைமுறைச் செல்கள்தாம் குறைந்திருந்தன. விதை இருக்கிறது, முளைப்பு இல்லை. ஆனால் இந்த நிலை என்றென்றைக்கும் நீடிப்பதில்லை. குளிரில் புல்லரிக்கும்போது முடியை நிமிர்த்தும் நுண்தசை ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒட்டியிருக்கிறது. சிறுத்துக்கொண்டே போகும் மயிர்க்கால் ஒரு கட்டத்தில் அந்தத் தசையிலிருந்து பிரிந்து, அந்த இடத்தில் கொழுப்பு நிறைகிறது. அதன்பிறகு அது திரும்பிவரும் வாய்ப்பு மிகக் குறைவு.

இதனால் வருங்கால சிகிச்சைகளை இரண்டு கட்டாகப் பிரிக்கலாம். பெரும்பாலானவை உயிரோடிருக்கும் மயிர்க்காலைக் காப்பவை அல்லது எழுப்புபவை. மிகச் சிலவே மயிர்க்கால் இல்லாத இடத்தில் புதிதாக ஒன்றைப் படைக்க முயல்பவை. செய்தித் தலைப்புகளில் இரண்டும் ‘வழுக்கைக்கு முடிவு’ என்ற ஒரே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருகின்றன. நம் தலையில் மிச்சமிருப்பது எது என்பதைப் பொறுத்தே எந்தக் கட்டு நமக்கு உரியது என்பது தீர்மானமாகிறது.

ஒப்பிடுவதற்கு முதலில் ஓர் அடிக்கோடு வேண்டும். 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 1 மில்லிகிராம் ஃபினாஸ்டெரைடு மாத்திரையை இரண்டு ஆண்டுகள் உட்கொண்ட ஆண்களில் 83 சதவீதத்தினரின் முடி எண்ணிக்கை குறையவில்லை. மருந்தில்லாத வெறும் மாத்திரையை ஒப்பீட்டுக்காக உட்கொண்டவர்களில் அந்த அளவு 28 சதவீதம். இம்மருந்தின் கதை டொமினிக்கன் குடியரசிலிருந்து தொடங்குகிறது. டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி.யாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்திருந்த ஆண்களை ஜூலியானே இம்பெராட்டோ மெக்கின்லி அங்கே ஆராய்ந்து 1974இல் வெளியிட்டார். அவர்களுக்கு முன்நெற்றி ஏறவில்லை. மருந்தின் விலையும் அறிந்ததே: சிறு விழுக்காட்டினருக்குப் பாலுறவு சார்ந்த குறைபாடுகள் வருகின்றன, 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை தற்கொலை எண்ணத்தையும் பக்கவிளைவாக உறுதிப்படுத்தியது, கருவுற்றிருக்கும் பெண்கள் இதை உட்கொள்ளவோ உடைந்த மாத்திரையைத் தொடவோ கூடாது. மினாக்சிடில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாகப் பிறந்து, 1988இல் தலையில் தடவும் கரைசலாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புதிதாக வரும் எதுவும் இவ்விரண்டையும் மிஞ்ச வேண்டும். குறைந்தது இவற்றின் பக்கவிளைவுகள் இன்றி இவற்றுக்கு ஈடாக இருக்க வேண்டும். வெறுங்கரைசலை மிஞ்சியது என்பது தொடக்கம் மட்டுமே. ஆனால் பெரும்பாலான புதிய மருந்துகள் ஃபினாஸ்டெரைடோடு நேருக்கு நேர் மோதிப் பார்க்கப்படுவதே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

காக்கும் வகையில் மருந்தகத்துக்கு மிக அருகில் வந்திருப்பது கிளாஸ்கோடெரோன். இது டி.எச்.டி. உருவாவதைத் தடுப்பதில்லை, மயிர்க்காலில் டி.எச்.டி. போய் உட்காரும் ஏற்பியை மறித்துக்கொள்கிறது. தடவிய இடத்தில் வேலை செய்துவிட்டு, உடலுக்குள் விரைவில் சிதைந்துவிடும்படி அமைந்திருப்பதால், மாத்திரையின் பக்கவிளைவுகளுக்கு அஞ்சுபவர்களின் கண் இதன்மேல் இருக்கிறது. 1 சதவீதக் களிம்பு முகப்பருவுக்காக 2020இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 5 சதவீதக் கரைசலை வழுக்கைக்காக காஸ்மோ நிறுவனம் 1,465 ஆண்களிடம் மூன்றாம் கட்டச் சோதனைகள் (அனுமதி கேட்பதற்கு முன் நடத்தும் பெரிய சோதனைகள்) இரண்டில் பரிசோதித்து, 2025 டிசம்பரில் வெற்றி என்று அறிவித்தது. வெறுங்கரைசலோடு ஒப்பிடுகையில் ஒரு சோதனையில் 539 சதவீதமும் மற்றொன்றில் 168 சதவீதமும் முன்னேற்றம் என்பது அறிவிப்பு. இந்த விழுக்காட்டை அப்படியே தலையில் வைத்துப் பார்த்துவிடக் கூடாது. ஒரு சதுர சென்டிமீட்டரில் வெறுங்கரைசல் தடவியவருக்கு ஒரு முடியும் மருந்து தடவியவருக்கு ஆறு முடியும் கூடியிருந்தால்கூட அது 500 சதவீத முன்னேற்றம்தான். கண்ணாடியில் அது தெரியுமா என்பது வேறு கேள்வி. ஒரே மருந்து, ஒரே அளவு, இரண்டு சோதனைகளில் இவ்வளவு இடைவெளி வருகிறது என்றால், மருந்தைவிட வெறுங்கரைசல் குழுவின் எண்ணிக்கை எவ்வளவு ஆடியது என்பதையே அது காட்டுகிறது என்று நான் கொள்கிறேன். ஆயினும் மூன்றாம் கட்டத்தை இரண்டு முறை கடந்தது சிறிய செயலல்ல. ஃபினாஸ்டெரைடு ஒத்துக்கொள்ளாத ஆண்களுக்கு, காத்திருக்கத் தக்கவற்றுள் முதலிடம் இதற்கே தருவேன்.

சிறிதல்ல என்பதற்கு இதே வழியில் போய்த் தடுக்கி விழுந்த மற்றொன்றே சான்று. சீனாவின் கின்டார் நிறுவனத்தின் பைரிலுடமைடு, கிளாஸ்கோடெரோனைப் போலவே ஏற்பியை மறிக்கும் கரைசல். இரண்டாம் கட்டத்தில் நம்பிக்கை தந்தது. இணையத்தில் பலர் அது வருமுன்பே வாங்கித் தடவவும் தொடங்கினர். 2023 இறுதியில் சீனாவில் முடிந்த மூன்றாம் கட்டச் சோதனையில், வெறுங்கரைசலோடு புள்ளியியல் பொருளுள்ள வேறுபாட்டை அதனால் காட்ட இயலவில்லை. அதற்கும் முன்னால் செட்டிபிப்ராண்ட் என்ற மாத்திரைக்கு நேர்ந்ததும் இதுவே. வழுக்கைத் தோலில் புராஸ்டாகிளாண்டின் டி2 என்ற பொருள் மிகுந்திருக்கிறது என்று காட்சரெலிஸ் குழு 2012இல் கண்டறிந்தபோது, அதைத் தடுத்தால் போதும் என்று உலகமே பேசியது. செட்டிபிப்ராண்டால் தடுத்துப் பார்த்தார்கள், முடி வளரவில்லை. வழுக்கைத் தோலில் ஒன்று மிகுந்திருப்பதால் மட்டும் அதுவே வழுக்கைக்குக் காரணமாகிவிடாது.

எழுப்பும் வகையில் இப்போது அதிகம் பேசப்படுவது பிபி405. இதன் அடிப்படை அழகானது. மயிர்க்கால் ஸ்டெம் செல்கள் தம்மைச் சுற்றியுள்ள செல்களைவிட அதிகமாகச் சர்க்கரையை லாக்டேட்டாக மாற்றி ஆற்றல் பெறுகின்றன என்பதை லாஸ் ஏஞ்சலிசில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் லோரியும் ஹெதர் கிறிஸ்டோஃப்கும் 2017இல் காட்டினர். செல்லின் ஆற்றல் அறையான மைட்டோகாண்டிரியாவுக்குள், சர்க்கரை சிதைந்து உருவாகும் பைருவேட் நுழையும் வாயிலை அடைத்தால், செல் லாக்டேட் பக்கம் திரும்புகிறது. உறங்கும் ஸ்டெம் செல் விழித்துக்கொள்கிறது. அந்த வாயிலை அடைக்கும் களிம்புதான் பிபி405. இது ஹார்மோனைத் தொடுவதே இல்லை என்பதால் பெண்களுக்கும் பொருந்தும் வாய்ப்பு உண்டு. 78 பேர் பங்கேற்ற இரண்டாம் கட்டச் சோதனையில் பெண்களும் இருந்தனர். 2025 ஜூனில் இதை உருவாக்கும் பெலாஜ் நிறுவனம் வெளியிட்ட முடிவின்படி, நான்கு வாரம் மட்டும் மருந்து தடவியபின் எட்டாம் வாரத்தில், அதிகம் முடி இழந்திருந்த ஆண்களில் 31 சதவீதத்தினருக்கு முடி அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. வெறுங்களிம்பு தடவியவர்களில் ஒருவருக்கும் இல்லை. மருந்து இரத்தத்தில் கலந்ததாகவும் தெரியவில்லை.

இதை எப்படி எடைபோடுவது? மெதுவாகவே அசையும் மயிர்க்கால் எட்டு வாரத்தில் பதில் சொல்லியிருக்கிறது என்றால் அது வியப்புக்குரியது. ஆனால் 31 சதவீதம் என்பது 78 பேரில் அல்ல, அவர்களுள் ஒரு பிரிவில். சிறிய பிரிவில் கிடைத்த பெரிய விழுக்காடு பெரிய சோதனையில் சுருங்குவது மருந்துலகில் வழக்கமான நிகழ்வு. இன்னொரு கேள்விக்கும் எட்டு வாரத்தில் விடை கிடைக்காது. டி.எச்.டி.யின் பிடி அப்படியே இருக்கும்போது எழுப்பப்பட்ட மயிர்க்கால் எத்தனை நாள் விழித்திருக்கும்? என் கணிப்பில், பலித்தாலும் இது தனியாக நில்லாது. காக்கும் மருந்து ஒன்றோடு சேர்ந்தே நிற்கும். கிளாஸ்கோடெரோனோடு ஒப்பிட்டால், இதன் எல்லை பெரியது, உறுதி சிறியது.

இதே வரிசையில் இன்னும் சில உண்டு. பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டினின் ஏற்பியைத் தடுக்கும் எச்எம்ஐ115 என்ற ஊசி மருந்து, மனிதரைப் போலவே வயதானால் வழுக்கை விழும் ஒருவகை மக்காக் குரங்குகளிடம் பலன் காட்டியது. எலியைவிட நம்பத்தக்க விலங்கு அது. கொரிய நிறுவனம் ஒன்று உருவாக்கும், ஆண்ட்ரோஜன் (டி.எச்.டி. போன்ற ஆண் ஹார்மோன்) ஏற்பி உருவாவதையே மரபுச் செய்தி அளவில் நிறுத்தும் ஆர்.என்.ஏ. ஊசி தொடக்கக் கட்டத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது கலிபோர்னியாவின் மக்சிம் பிளிக்கஸ் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு. மச்சத்தில் மட்டும் ஏன் முடி நீண்டு தடித்து வளர்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். மச்சத்தில் முதிர்ந்துபோன நிறமிச் செல்கள் ஆஸ்டியோபாண்டின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது பக்கத்திலுள்ள மயிர்க்கால் ஸ்டெம் செல்களை உசுப்புகிறது. பாட்டியின் கன்னத்து மச்சத்தில் அத்தனை காலமும் விடை இருந்திருக்கிறது. அதிலிருந்து ஓர் ஊசி மருந்தை உருவாக்கும் முயற்சி நடக்கிறது. ஆனால் இன்றைக்கு ஒருவர் தன் முடிவை அதன்மேல் வைக்கும் அளவுக்கு அது வளரவில்லை. ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் பாகிஸ்தானின் காம்சாட்ஸ் நிறுவனமும் 2024இல் வெளியிட்ட, டி.என்.ஏ.யிலுள்ள சர்க்கரையால் ஆன களிம்பும் அப்படியே: எலியிடம் மினாக்சிடிலுக்கு நிகராக வேலை செய்தது, மனிதரிடம் இன்னும் சோதிக்கப்படவில்லை.

எலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த ஒப்பீடு நிறைவுறாது. எலியின் முடி அலை அலையாக, பரப்புப் பரப்பாக ஒன்றாக வளர்ந்து ஒன்றாக ஓயும். ஓய்ந்திருக்கும்போது எதைத் தடவினாலும் சற்று முந்தி முளைப்பதைப் படம்பிடித்துவிடலாம். எலிக்கு மனிதரைப் போன்ற பரம்பரை வழுக்கை கிடையாது. காட்சரெலிஸ் குழு 2007இல், எலியின் முதுகில் பெரிய காயம் ஆறும்போது அதன் நடுவில் முற்றிலும் புதிய மயிர்க்கால்கள் பிறப்பதைக் காட்டியது. பாலூட்டிகளில் பிறப்புக்குப் பின் மயிர்க்கால் புதிதாகத் தோன்றாது என்ற கொள்கையையே அது அசைத்தது. மனிதக் காயத்தில் ஏன் தழும்பு மட்டும் மிஞ்சுகிறது என்பதற்கு 2013இல் ஒரு விளக்கம் வந்தது: எலித் தோலில் நிறைந்திருக்கும் ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள் எஃப்ஜிஎஃப்9 என்ற புரதத்தைச் சுரந்து அந்தப் பிறப்பைத் தொடங்கிவைக்கின்றன, மனிதத் தோலில் அவை மிகக் குறைவு.

காயம் தரும் வழியின் எளிய வடிவம் நுண்ணூசி உருளை, அதாவது டெர்மாரோலர். இதன் அடிப்படை ஆய்வு மும்பையில் நடந்தது. ரச்சிதா துராத் குழு 2013இல் நூறு ஆண்களை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மினாக்சிடில் மட்டும், மற்றதற்கு மினாக்சிடிலோடு வாரம் ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் ஊசி உருளையும் கொடுத்தது. பன்னிரண்டு வாரத்தில் அளவெடுத்த இடத்தில் சராசரியாகக் கூடிய முடி முதற்கூறில் 22, இரண்டாம் கூறில் 91. அவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பின்வந்த ஆய்வுகள் அப்படியே திருப்பிக் காட்டவில்லை. ஆனால் மினாக்சிடிலுக்கு இது துணைசெய்கிறது என்பது பொதுவாக நிலைத்திருக்கிறது. தீவிரமானவற்றுள் இன்றே கைக்கெட்டுவதும் விலை குறைந்ததும் இதுதான். கிருமிநீக்கத்தில் கவனம் வேண்டும். கிளினிக்கில் செய்துகொள்வதே நல்லது.

இனி, படைக்கும் வகை. பளபளவென்று முழு வழுக்கை ஆனவர்களுக்கு மேற்சொன்ன மருந்துகளால் பெரிதாக ஆவதில்லை. அவர்கள் காத்திருப்பதற்குப் பொருள் உண்டென்றால் இதற்காகத்தான். மயிர்க்காலின் அடியில் குமிழ் வடிவில் இருக்கும் டெர்மல் பாப்பிலாவும் அதைச் சூழ்ந்த உறைச் செல்களும் தோலுக்கு ‘இங்கே முடி முளைக்கட்டும்’ என்று ஆணையிடும் வல்லமை உடையவை. 1999இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் காலின் ஜஹோடா தம் தலையிலிருந்து எடுத்த உறைச் செல்களைச் சக ஆய்வாளர் அமாண்டா ரேனால்ட்சின் முன்கையில் வைத்தார். அங்கே தடித்த புது முடி முளைத்தது. அதன் அடிச்செல்களில் ஆணின் குரோமோசோம் இருந்தது. உடல் அதை நிராகரிக்கவில்லை. சில மயிர்க்கால்கள்தாம். ஆனால் கொள்கை அளவில் மனிதரிடமே நிறுவப்பட்டுவிட்டது.

அன்றிலிருந்து ‘இன்னும் ஐந்தே ஆண்டுகள்’ என்ற வாக்குறுதி ஓயவில்லை. தடை எங்கே என்றால், பாப்பிலாச் செல்களைத் தட்டில் பெருக்கினால் அவை தம் ஆணையிடும் திறனை மறந்துவிடுகின்றன. 2013இல் ஜஹோடாவும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்செலா கிறிஸ்டியானோவும் அச்செல்களைத் தொங்கும் துளியில் உருண்டையாகத் திரளவிட்டு வளர்த்தபோது, அந்த நினைவு ஓரளவு திரும்பியது. ஏழு கொடையாளரில் ஐவரின் செல்கள், எலிமேல் ஒட்டிய மனிதத் தோலில் முடியைத் தூண்டின. அதே ஆண்டில், செல் பெருக்கச் சோதனையைப் பல ஆண்டு நடத்திய அடெரான்ஸ் ஆய்வு நிறுவனம் மூடப்பட்டது. ஜப்பானின் தகாஷி ட்சுஜி, எலியிடம் முழு மயிர்க்கால் முளைகளையே நட்டு, நரம்போடும் தசையோடும் இணைத்துக் காட்டியவர். அவருடைய முறையை 2020க்குள் வணிகத்துக்குக் கொண்டுவருவதாக 2016இல் ரிக்கென் நிறுவனமும் கியோசெராவும் அறிவித்தன. 2020 வந்து போய்விட்டது.

மனிதரிடம் முறையாகச் சோதித்து முடிவை வெளியிட்டது ஜப்பானிய அழகுப்பொருள் நிறுவனமான ஷிசெய்டோவின் முயற்சி. 50 ஆண்கள், 15 பெண்கள். அவரவர் பிடரியிலிருந்து எடுத்த உறைச் செல்களைப் பெருக்கித் தலையில் ஊசியால் செலுத்தினார்கள். மூன்று அளவுகளில் மிகக் குறைந்த அளவு செலுத்திய இடத்தில் ஆறு, ஒன்பது மாதங்களில் அடர்த்தி கூடியது. மிகுந்த அளவில் அப்படி இல்லை. பலன் சிறியது. பாதுகாப்பில் குறையில்லை. குறைந்த அளவு வென்று கூடிய அளவு தோற்றது, இந்தச் செல்கள் தோலுக்குள் என்ன செய்கின்றன என்பது இன்னும் பிடிபடவில்லை என்பதையே எனக்குச் சொல்கிறது. இது புது மயிர்க்காலைப் படைத்ததாகவும் கொள்ள முடியாது. மெலிந்தவற்றைச் சற்றுத் தடிக்கச் செய்ததாகவே தோன்றுகிறது.

இதைவிடத் தீவிரமானது, எந்தச் செல்லையும் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து தோலையே வளர்ப்பது. கார்ல் கோலர் குழு 2020இல் இவ்வாறு மனிதத் தோல் உருண்டைகளை நான்கைந்து மாதம் கலத்தில் வளர்த்தது. அவற்றில் மயிர்க்கால் இருந்தது, எண்ணெய்ச் சுரப்பி இருந்தது, நரம்பும் இருந்தது. எலியின் முதுகில் ஒட்டியபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் 2 முதல் 5 மில்லிமீட்டர் முடி வெளியே வந்தது. தீக்காயம் பட்டவர்களுக்கு இது நாளை வாழ்வளிக்கலாம். வழுக்கைக்கு என்றால், ஆயிரக்கணக்கான முடிகள் ஒரே திசையில், சரியான சாய்வில், சரியான நிறத்தில் முளைத்து, உதிர்ந்து மீண்டும் முளைக்க வேண்டும்; புற்றாக மாறும் வாய்ப்பு அறவே நீங்க வேண்டும்; விலையும் எட்ட வேண்டும். அழகுக்கான சிகிச்சையில் புற்றுநோய் அபாயத்தை எந்த ஒழுங்குமுறை அமைப்பும் பொறுத்துக்கொள்ளாது. 2015இல் ஹூஸ்டனில் ஒருவருக்கு இறந்தவரின் மண்டையோட்டுப் பகுதியும் உச்சித்தோலும் முடியோடு பொருத்தப்பட்டன. ஆனால் அது புற்றுநோய்ச் சிகிச்சையால் ஏற்பட்ட ஆறாத புண்ணுக்காக. அவர் மாற்றுறுப்புக்காக ஏற்கெனவே நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தில் இருந்தவர். முடிக்காக மட்டும் அந்த மருந்தை வாழ்நாள் முழுவதும் எவருக்கும் தர முடியாது.

எதிர்காலம் என்ற பெயரில் நம் ஊர்க் கடைத்தெருக்களில் இன்றே விற்கப்படுபவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். எக்ஸோசோம் (செல்கள் வெளியிடும் நுண்பைகள்) ஊசி, ஸ்டெம் செல் ஊசி என்று பல கிளினிக்குகள் விளம்பரம் செய்கின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எந்த எக்ஸோசோம் பொருளுக்கும் அனுமதி தந்ததில்லை என்று 2019இல் பொது எச்சரிக்கையே விடுத்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல், இரத்த நோய்களுக்கான எலும்புமஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர வேறு ஸ்டெம் செல் சிகிச்சை எதையும் முறையான மருத்துவச் சோதனைக்கு வெளியே அளிக்கக் கூடாது என்கிறது. சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.பி. (தட்டணுக்கள் செறிந்த இரத்த நீர்) இவற்றோடு சேராது, அதற்கு ஓரளவு ஆய்வு ஆதாரம் உண்டு, தயாரிக்கும் முறைதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஷிசெய்டோ பல ஆண்டு உழைத்துச் சிறு பலன் கண்ட ஒன்றை, ஒரு மணி நேரத்தில் செய்து முழுப் பலன் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

புழுவெட்டுக்கு வருவோம். இங்கே எதிர்காலம் உண்மையிலேயே வந்துவிட்டது. நோயெதிர்ப்புச் செல்கள் மயிர்க்காலைத் தாக்குவதால் வரும் இந்நோய்க்கு 2022இல் பாரிசிட்டினிப், 2023இல் ரிட்லெசிட்டினிப், 2024இல் டியூரக்சோலிட்டினிப் என மூன்று மாத்திரைகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. தலைமுடியில் பாதிக்கு மேல் இழந்தவர்களிடம் நடந்த சோதனையில், பாரிசிட்டினிப் 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் மூன்றிலொருவருக்கும் மேலானோருக்கு 36 வாரத்தில் தலையின் 80 சதவீதம் முடியால் மூடியது. கடும் தொற்று, இரத்த உறைவு, இதயநோய், புற்றுநோய் குறித்து மருந்துக் குறிப்பில் கட்டமிட்டு அச்சிடும் கடும் எச்சரிக்கை இவற்றுக்கு உண்டு. நிறுத்தினால் முடி மீண்டும் கொட்டலாம். இந்தச் செய்திகளைப் படித்துவிட்டுப் பரம்பரை வழுக்கைக்கும் இவற்றைக் கேட்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதுதான்.

முடிவெடுப்பவரின் நிலைக்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்போம். முடி மெலியத் தொடங்கிய ஆணுக்கு, வெறுமனே காத்திருப்பதே எல்லாத் தெரிவுகளிலும் விலை மிகுந்தது. வரிசையில் முன்னால் நிற்கும் கிளாஸ்கோடெரோனும் பிபி405உம் உயிரோடிருக்கும் மயிர்க்காலை வைத்தே வேலை செய்பவை. அவை மருந்தகத்துக்கு வரும்போது அவற்றுக்கு வேலை கொடுக்கத் தலையில் மயிர்க்கால் இருக்க வேண்டும். மருத்துவர் ஆலோசனையோடு ஃபினாஸ்டெரைடோ, அது ஒத்துக்கொள்ளாவிட்டால் மினாக்சிடிலும் நுண்ணூசியுமோ, இன்றே தொடங்குவது வருங்காலச் சிகிச்சைக்கும் சேர்த்து வைக்கும் முதலீடு. ஃபினாஸ்டெரைடு வகையைச் சேர்ந்த டுட்டாஸ்டெரைடு இன்னும் வலியது. கொரியாவிலும் ஜப்பானிலும் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. ஆனால் உடலைவிட்டு நீங்கப் பல வாரங்கள் ஆகும்; நிறுத்தியபின்னும் ஆறு மாதம் இரத்ததானம் செய்யக் கூடாது. பக்கவிளைவுக்கு அஞ்சுபவர் அதிலிருந்து தொடங்குவதற்கில்லை.

இருபத்தைந்து வயதில் முடி நடவுக்கு விரைபவர்களைப் பொறுத்திருக்கச் சொல்வதே முறை. பிடரி முடி, நட்ட இடத்திலும் பிடரியின் இயல்போடே வாழும் என்று நார்மன் ஓரன்ட்ரைச் 1959இல் காட்டியது இன்றும் மாறவில்லை; அதனால்தான் நட்டது நிற்கிறது. ஆனால் பிடரியின் கையிருப்புக்கு ஓர் அளவு உண்டு, எடுத்த இடத்தில் மீண்டும் முளைக்காது. முன்நெற்றியைத் தாழ்வாக நட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் சொந்த முடி கொட்டிப்போனால், நெற்றியில் ஒரு தீவும் உச்சியில் ஒரு வெளியும் மிஞ்சும். ஐம்பது வயதில் வழுக்கையின் எல்லை நிலைத்துவிட்டவருக்கு நிலைமை நேர்மாறு: மயிர்க்கால் படைப்பு அவர் காலத்தில் கைக்கெட்டும் என்று நான் கருதவில்லை, நடவே அவருக்கு உள்ள மெய்யான வழி. எங்கே செய்வது என்பதும் சிறு கேள்வியல்ல. 2016இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் முடி நடவின்போது உடல்நிலை குலைந்து இறந்தார். இச்சிகிச்சையைப் பதிவுபெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

பெண்களுக்கு இந்தப் பட்டியல் இன்னும் சிறியது. கிளாஸ்கோடெரோனின் பெரிய சோதனைகள் ஆண்களிடம் மட்டுமே நடந்தன. மினாக்சிடில்தான் இன்றைய பிடிமானம். வருபவற்றில் ஹார்மோனைத் தொடாத பிபி405இன் அடுத்த கட்ட முடிவையே அவர்கள் உற்றுநோக்க வேண்டும். அதற்குமுன் இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துக்கொள்வது, எந்தச் சோதனை மருந்தையும்விட விரைவில் விடை தரக்கூடும்.

சிலர் சோதனையிலேயே பங்கேற்க விரும்புவார்கள். அதற்கும் ஒரு விலை இருக்கிறது. பெரும்பாலான சோதனைகள், ஃபினாஸ்டெரைடையும் மினாக்சிடிலையும் பல மாதங்கள், சிலவற்றில் ஓராண்டுவரை, நிறுத்தியிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. முடி நட்டவர்களை ஏற்பதில்லை. நிறுத்திய காலத்தில் காத்துவைத்த முடி போகலாம். பிறகு குலுக்கலில் வெறுங்கரைசலும் கிடைக்கலாம். மருந்து எதுவும் தொடங்காதவருக்கே இது குறைந்த இழப்புள்ள தெரிவு. இந்தியாவில் நடக்கும் சோதனை எதுவாயினும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து எவரும் இணையத்தில் விவரத்தைப் பார்க்கலாம். சோதனை மருந்துக்குப் பங்கேற்பாளரிடம் பணம் வாங்குவதில்லை; சோதனையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. எண்ணைக் கேட்டால் மழுப்புகிற இடமும், ‘சோதனைக் கட்டணம்’ என்று ரசீது நீட்டுகிற இடமும் சோதனை நடத்தவில்லை.